ஸ்கூபா பயிற்றுநராகப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். கடலில் கால் நனைத்திராத ஒருவரைக்கூடச் சில மாதங்களில், சிலிண்டர் காற்றைச் சுவாசித்து முக்குளிக்கக் கற்றுத்தரும் ஸ்கூபா பயிற்றுநராக்கிவிடுவதாகவும், தங்குமிடம் முதல் இறுதித் தேர்வு வரை எல்லாமே ஒரே கட்டணத்தில் அடக்கம் என்றும் அது சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு சென்று இதைக் கற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கற்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பில் மட்டும் சேராதே. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உனக்கு நேரம் இருக்கும்போது படி.

பயிற்றுநர் தகுதிக்கான படிகள், முக்குளிப்புச் சான்றிதழ் தரும் எல்லா அமைப்புகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'பாடி' (PADI) அமைப்பின் வரிசையில் சொல்வதானால், 18 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதி தரும் ஓப்பன் வாட்டர், 30 மீட்டர் வரை செல்ல வைக்கும் அட்வான்ஸ்டு, ஆபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ, தொழில்முறையின் முதல் படியான டைவ்மாஸ்டர், இவை அனைத்தையும் முடித்த பிறகு ஐ.டி.சி. எனப்படும் பயிற்றுநர் பயிற்சி. ஐ.டி.சி.யில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் சான்றிதழ் பெற்று ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இறுதித் தேர்வுக்குப் போகும்போது பதிவேட்டில் 100 முக்குளிப்புகள் இருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள். தொகுப்பு விற்பவர்களோ இவற்றையே இலக்காக வைத்து நாள்காட்டியை வகுக்கிறார்கள்.

அந்த 100 முக்குளிப்புகள் எங்கே நடக்கின்றன என்று பார். தாய்லாந்தின் கோ தாவ், ஹோண்டுராஸின் உட்டிலா, எகிப்தின் தஹாப் போன்ற இடங்கள் பயிற்சிக்குப் பெயர் பெற்றதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நீர் வெதுவெதுப்பாக இருக்கும், அலை அடங்கிய பகுதிகள் அருகிலேயே கிடைக்கும், பள்ளிகள் நிறைய இருப்பதால் கட்டணமும் போட்டியில் குறையும். முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. ஆயினும், ஒரே விரிகுடாவில், ஒரே படகிலிருந்து, தெளிந்த நீரில் நூறு முறை இறங்கியவர் உண்மையில் ஒரே முக்குளிப்பை நூறு முறை செய்தவர்தான். இந்தோனேசியாவின் கொமோடோ போன்ற இடங்களின் வேகமான நீரோட்டத்தையோ, உடலில் நீர் படாத டிரை சூட் இல்லாமல் இறங்கவே முடியாத குளிர்நீரையோ, கைநீட்டினால் விரல் தெரியாத கலங்கலையோ அவர் பார்த்திருக்க மாட்டார். இருந்தும், சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே, தொடக்கநிலை மாணவர் எட்டுப் பேரைக் கடலுக்குள் அழைத்துச் செல்ல விதி அவரை அனுமதிக்கிறது.

ஐ.டி.சி.யில் உன் முக்குளிப்புத் திறனை வளர்க்கப்போகிறார்கள் என்று நீ எதிர்பார்ப்பதாக உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதற்கெல்லாம் அங்கே நேரம் இருக்காது. உனக்கு அது ஏற்கனவே கைவந்துவிட்டது என்ற எண்ணத்தில்தான் பயிற்சியே தொடங்கும். அங்கே நீ நீச்சல் குளத்தில் ஒரு திறனை நிதானமாகச் செய்துகாட்டுவாய். உன்னோடு பயிலும் மற்றவர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் ஏதேனும் ஒரு பிழையைச் செய்யும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். ஒருவர் மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றும்போது மூக்கால் ஊதாமல் வாயால் ஊதுவார். இன்னொருவர், வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகு குமிழி விடாமல் மூச்சை அடக்கிக்கொள்வார். நீ அதைக் கண்டாயா, எவ்வளவு விரைவில் கண்டாய், எப்படித் திருத்தினாய் என்பதற்கே மதிப்பெண். உன் மிதப்புநிலையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பிழை உன் கண்ணில் படவே படாது. இதற்காகத்தான் அனுபவம் வேண்டும் என்கிறேன்: உன் உடலை நீ மறந்துவிடும் அளவுக்கு நீர் உனக்குப் பழகியிருக்க வேண்டும்.

மூச்சை அடக்குவது ஏன் அத்தனை பெரிய பிழை என்பதை நீ பாடத்தில் படிப்பாய். ஆனாலும் பயிற்றுநரின் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்த்துவிடு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அதை விடாமல் மேலே வந்தால், அந்தக் காற்று நீர்மட்டத்தில் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். அதே இருமடங்கு விரிவு 30 மீட்டர் ஆழத்திலிருந்து தொடங்கினால் 10 மீட்டருக்கு ஏறி வரும்போதுதான் ஏற்படும். அதாவது அங்கே 20 மீட்டர் ஏற வேண்டும், இங்கே 10 மீட்டரே போதும். ஆகவே ஆழம் குறைந்த இடத்தில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது. புதிய மாணவர் பதறி எழுவதும் அங்கேதான். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னதும் மூக்கில் நீர் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் பாய முயலும் மாணவரை, அவர் பாய்வதற்கு முன்பே கண்களைப் பார்த்துக் கண்டுகொள்ளும் பழக்கம் புத்தகத்திலிருந்து வராது. பல வகுப்புகளில் உதவியாளராக நின்று பார்த்தால்தான் வரும்.

பயிற்றுநரின் சொந்த உடலுக்கும் இதில் பங்கு உண்டு. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. தொடக்கநிலைப் பாடத்தில், காற்று தீர்ந்துவிட்டதாகப் பாவித்து, 6 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து 'ஆ' என்று ஒலியெழுப்பி இடைவிடாமல் மூச்சை வெளியே விட்டபடி மேலே வரும் பயிற்சி ஒன்று உண்டு. மாணவர் ஒவ்வொருவரையும் பயிற்றுநர் தனித்தனியே பிடித்துக்கொண்டு கூடவே ஏற வேண்டும். நான்கு மாணவர் என்றால் நான்கு முறை ஏறி, மீண்டும் இறங்க வேண்டும். மாணவருக்கு அது ஒரே ஏற்றம். பயிற்றுநரின் காதுக்கும் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கும் அது குறுகிய நேரத்தில் அடுத்தடுத்து நேரும் சுமை. இந்தப் பயிற்சியை ஒரு நாளில் எத்தனை பேருக்கு, எந்த வரிசையில் வைப்பது என்று யோசிக்கக் கற்றுத்தரும் பள்ளிதான் நல்ல பள்ளி.

எனவே நான் சொல்லும் வழி கொஞ்சம் நீளமானது. முதல் மூன்று பாடங்களையும் உனக்குப் பிடித்த வெதுவெதுப்பான கடலில் முடித்துக்கொள். அதன்பின் சில மாதங்கள், இயன்றவரை வேறுவேறு வகையான நீரில், யாருக்கும் பொறுப்பேற்காத சாதாரண முக்குளிப்பாளனாக இறங்கு. டைவ்மாஸ்டர் பயிற்சிக்கு மாணவர் கூட்டம் நிறைந்த பள்ளியைத் தேர்ந்தெடு. அங்கே சிலிண்டர் சுமப்பதும் படகு கழுவுவதும் இருக்கும், அதைப் பற்றிக் குறைப்படாதே. ஐ.டி.சி.யை வேறொரு ஊரில், வேறொரு ஆசிரியரிடம் செய். எந்த அமைப்பின் சான்றிதழ் சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதே. பெரிய அமைப்புகள் பலவும் ஐ.எஸ்.ஓ. 24802 என்ற ஒரே சர்வதேசத் தரநிலையை ஒட்டியே பயிற்றுநர்களை உருவாக்குகின்றன. ஆசிரியர்தான் முக்கியம். இறுதித் தேர்வை நடத்துபவர் உன் ஆசிரியராக இருக்க மாட்டார், அமைப்பு அனுப்பும் தேர்வாளராக இருப்பார் என்பதால், தேர்வுக்கு மட்டுமே பழக்கிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். ஐ.டி.சி. கட்டணம் என்று பள்ளி சொல்லும் தொகையில் தேர்வுக் கட்டணம், பாடநூல் தொகுப்பு, முதலுதவிப் பயிற்றுநர் பாடம், அமைப்பின் உறுப்பினர் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அந்த உறுப்பினர் கட்டணத்தையும் ஆண்டுதோறும் கட்டினால்தான் தொடர்ந்து கற்பிக்க முடியும். விசா விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சுற்றுலா விசாவில் மாணவனாக இருப்பது வேறு, பள்ளிக்காக வேலை செய்வது வேறு. சம்பளம் இல்லாத உழைப்பையும் வேலை என்றே கருதும் நாடுகள் உண்டு. 'பயிற்சியின்போது வேலை செய்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேள். திரும்பும் விமானச் சீட்டை, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட்டுப் போடு.

பள்ளிகளுக்கு எழுதும்போது மூன்று விஷயங்களைக் கேள். ஒரு வகுப்பில் எத்தனை பயிலுநர்களைச் சேர்ப்பீர்கள்? திறன்களைத் தரையில் மண்டியிட்டுச் செய்துகாட்டச் சொல்வீர்களா, மிதந்தபடி செய்யச் சொல்வீர்களா? தேர்வுக்கு முன் உண்மையான மாணவர்கள் இருக்கும் வகுப்பில் நின்று உதவ வாய்ப்பு உண்டா? இரண்டாவது கேள்வியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மண்டியிட்டுக் கற்ற மாணவர் கடலில் பவளத்தின் மேல்தான் மண்டியிடுவார். மிதந்தபடி கற்பிக்கும் பயிற்றுநருக்கு வேலை அதிகம், ஆனால் அவருடைய மாணவர் முதல் நாளிலிருந்தே நீரில் நிற்கக் கற்றுக்கொள்கிறார்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, யாருக்கும் முன்பணம் அனுப்பாமல், முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் காது, சைனஸ், நுரையீரல் மூன்றையும் பரிசோதித்துச் சான்று வாங்கிவிடு. சிறுவயதில் உனக்கு மூச்சிரைப்பு இருந்ததை அவரிடம் மறைக்காதே. அவர் சரி என்று கையெழுத்திட்ட பிறகு, பள்ளிகள் அனுப்பும் பதில்களை எனக்கும் அனுப்பு. இருவரும் சேர்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அக்கா