இரண்டு வந்தால் அடித்துவிடலாமா? கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளியில் முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அதற்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவன் நான். போன வாரம் ஒரு மாணவியின் நோட்டில் இந்தக் கணக்கைப் பார்த்தேன்: செக்² தீட்டா = 3 + டேன் தீட்டா. செக்² தீட்டாவை 1 + டேன்² தீட்டா என்று மாற்றி, டேன் தீட்டாவுக்கு 'ட' என்று பெயர் வைத்து, ட² − ட − 2 = 0 வரை அழகாகக் கொண்டுவந்திருந்தாள். காரணிப்படுத்தினால் (ட − 2)(ட + 1) = 0. அடுத்த வரியில் ட = 2 என்று எழுதி, ஸ்கேல் வைத்து அதன் குறுக்கே ஒரு கோடு; பக்கத்தில் 'சாத்தியமில்லை'. மிச்சமிருந்த −1-ஐ வைத்து 135°, 315° என்று முடித்துவிட்டாள்.

"ஏம்மா இரண்டை அடிச்சே?"

"இரண்டு வந்தா அடிச்சிடணும் சார்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்த பழக்கம் அது. இந்தப் பாடத்தை எடுத்தாலே கரும்பலகையில் முதலில் வருவது 2 காஸ்² தீட்டா + 3 சைன் தீட்டா = 0 மாதிரியான கணக்குதான். காஸ்²-ஐ 1 − சைன்² ஆக்கி, சைன் தீட்டாவை 'ச' என்று வைத்தால் 2ச² − 3ச − 2 = 0; அதாவது (2ச + 1)(ச − 2) = 0. சைன் 2 ஆக முடியாது, தள்ளு. −1/2-ஐ எடு, 210°, 330°. நல்ல கணக்குதான். ஆனால் அடுத்ததும் அதற்கடுத்ததும் இதே அச்சில் வந்தால், 'ஒன்றை வை, ஒன்றைத் தள்ளு' என்பது பிள்ளைகளுக்குச் சடங்காகிவிடுகிறது. சைனுக்கும் காஸுக்கும் −1 முதல் 1 வரை என்று வேலி உண்டு. டேனுக்கு வேலியே கிடையாது. அவள் அடித்த அந்த 2-க்குள் 63.4°, 243.4° என இரண்டு விடைகள் இருந்தன. பாதி விடை போயிற்று.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: இரண்டு மூலங்களும் நிற்கும் கணக்குகளையும் முதல் நாளே பக்கத்தில் வையுங்கள். 2 சைன்² தீட்டா − சைன் தீட்டா − 1 = 0 எடுத்துக்கொள்ளுங்கள். மூலங்கள் 1, −1/2. கோணங்கள் 90°, 210°, 330°. இருபடிச் சமன்பாட்டில் மூன்று விடை எப்படி வந்தது என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கணக்கைப் போடலாம். இருபடி தருவது சைனின் மதிப்புகளை மட்டும்தான். ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை கோணம் என்பதை வட்டம் சொல்லும்.

காஸ் தீட்டா = டேன் தீட்டா என்ற கணக்கையும் விட்டுவிடாதீர்கள். சுருக்கினால் ச² + ச − 1 = 0. இது காரணிப்படாது, சூத்திரம்தான் போட வேண்டும். மூலங்கள் 0.618-ம் −1.618-ம். தங்க விகிதம் இங்கே வந்து எட்டிப் பார்க்கிறது! −1.618 வேலிக்கு வெளியே, போகட்டும். மற்றது 38.2°, 141.8° தரும். எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு.

தள்ளுவதற்கும் ஒரே காரணம்தான் என்று இல்லை. சைன் 18°-இன் மதிப்பைக் காணும்போது 4ச² + 2ச − 1 = 0 வருகிறது. மூலங்கள் 0.309, −0.809. இரண்டுமே வேலிக்குள்தான் இருக்கின்றன. 18° குறுங்கோணம், அதன் சைன் மிகைதான் என்பதால் குறை மூலத்தை விடுகிறோம். அதே சமன்பாட்டை 'தீட்டாவைக் காண்க' என்று கொடுத்தால் குறை மூலமும் 234°, 306° என்று முறையான விடை தரும். இதை ஒரே வகுப்பில் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டிப் பாருங்கள்.

அப்புறம், வர்க்கப்படுத்தும் கணக்குகள். சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1-இல் காஸை 1 − சைன் என எழுதி வர்க்கப்படுத்தினால் ச = 0 அல்லது 1. ச = 0 என்றதும் 0°, 180° இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். 180°-ஐத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் −1. இந்த முறை வேலி காப்பாற்றாது, சரிபார்த்தால்தான் பிடிபடும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒன்று. காரணிப்படுத்தும் வரை பெரும்பாலான மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, மூலத்திலிருந்து கோணத்துக்குத் திரும்பும் பகுதியை ஒரே வரியில் அடக்கிவிடாதீர்கள். காரணிப்படுத்துவது பிள்ளைகள் ஏற்கெனவே படித்துவிட்டு வந்தது. புதுப் பாடம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 'சாத்தியமில்லை' என்று எழுதினால் ஏன் என்ற காரணத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் வையுங்கள். காரணம் இல்லாத கோட்டுக்கு எதுவும் வேண்டாம்.

அந்த மாணவிக்கு நேற்று 2 செக்² தீட்டா − 5 செக் தீட்டா + 2 = 0 கொடுத்தேன். மூலங்கள் 2-ம் 1/2-ம். செக் என்பது 1/காஸ்; அதன் வேலி தலைகீழ், −1-க்கும் 1-க்கும் இடையில் அது வராது. ஸ்கேலைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு 1/2-ஐ அடித்தாள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்