குஸ்தாவுக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய்

அண்ணா,

போன் பண்ணினால் நீ "சாப்ட்டியா" என்பாய், நான் "ம்" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும், சில இடங்களில் பெயர் போடாமல் தாண்டிப் போவேன், உனக்குப் புரியும். வழக்கமாக கேம் விமர்சனம் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்பெடிஷன் 33-இன் முதல் அங்கம் எப்படி முடிகிறது என்று சொல்லிவிடுவேன். இன்னும் ஆடாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். கடைசி முடிவைச் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் கிங்டம் கம் இரண்டாம் பாகத்துக்கு எழுதினேன். அவவ்டுக்கு எழுதினேன். சில்க்ஸாங்கில் செத்துச் செத்து எழுந்த கதையைப் புலம்பித் தீர்த்தேன். இதற்கு மட்டும் எழுதவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். நேரமெல்லாம் இருந்தது. டிசம்பரில் அது விருது வாங்கிய காலையில், ஒரே ராத்திரியில் ஒன்பது விருது, சிவப்புத் தொப்பி போட்ட அந்த பிரெஞ்சுக்காரர்கள் மேடையில் நின்று யூடியூபில் பாடம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார்களே, அன்றைக்கு நீ "பாத்தியா" என்று ஒரு மெசேஜ் போட்டாய். நீல டிக் விழுந்ததையும் பார்த்திருப்பாய். நான் பதில் போடவில்லை. பார்த்தேன் அண்ணா. முழுசாகப் பார்த்தேன். பதில் போட்டிருந்தால் அடுத்த வரி வேறு எதிலோ போய் நின்றிருக்கும், அதனால் போடவில்லை.

கதை உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக நாலு வரி. லூமியேர் என்று ஒரு ஊர். ஈஃபில் கோபுரத்தை யாரோ முறுக்கிப் பிழிந்தது போல ஒன்று அங்கே நிற்கும். கடலுக்கு அப்பால் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் எழுந்து ராட்சதப் பாறையில் ஓர் எண்ணைத் தீட்டுவாள், உடனே அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் பூவிதழாகவும் புகையாகவும் காற்றில் போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் எண்ணில் ஒன்று குறையும். இந்த முறை 33. அடுத்த முறை தங்கள் வயது வரப்போகிறது என்று தெரிந்தவர்கள் அவளை ஒழித்துக்கட்டக் கப்பலேறுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் குஸ்தாவ், இயந்திரக் கை வைத்த இன்ஜினியர், ராத்திரி முகாமில் உட்கார்ந்து தன் மாணவர்களுக்காக டயரி எழுதுகிறவன்.

அப்பாவுக்கு அவனை ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்திருக்கிறாயா? டயரியால்தான் என்று நினைக்கிறேன். அப்பாவும் எழுதினவர்தானே. பால் கணக்கு, மழை, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள். முதல் காட்சியில் துறைமுகத்தில் ஜனங்கள் கரைந்து போனபோது அவர் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்ந்து "அப்போ அந்த ஊர்ல பென்ஷன் ஆபீஸே கிடையாதா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரித்தாயா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

கேம் என்ற வகையில் இது எனக்கு முதலில் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆளுக்கொரு முறை என்று வரிசையில் நின்று அடித்துக்கொள்ளும் சண்டை எனக்குத் தூக்கம் வரவழைக்கும். இதில் எதிரியின் முறையிலும் கை சும்மா இருக்க முடியாது, அவன் அடி விழுகிற அந்த நொடியில் பட்டனைத் தட்டி பாரி பண்ண வேண்டும், அதாவது தடுக்க வேண்டும், அடுக்கடுக்காக வருகிற எல்லா அடியையும் தடுத்துவிட்டால் நம் ஆள் பாய்ந்து ஒரு பதிலடி கொடுப்பான். அதிலும் அந்தப் பாவிகள் வேண்டுமென்றே வாளை ஓங்கிவிட்டு அரை நொடி தாமதித்து இறக்குவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு தட்டிவிட்டு அடி வாங்கினேன். நீதான் பின்னால் இருந்து, "திரையைப் பாக்காதே, சத்தத்தைக் கேளு" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு மூன்று அடியை வரிசையாகத் தடுத்தும் காட்டினாய். அப்பா கை தட்டினார். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த கேம் பிடிபட்டது, லோரியான் தெஸ்தாரின் இசையையும் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். சவுண்ட்கிளவுடில் கண்டுபிடித்துக் கூட்டிவந்த ஆளாம், அதற்கு முன் கேமுக்கு இசையமைத்ததே இல்லையாம். நம்பவே முடியவில்லை.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

கல் அலைப் பாறைகள். அடுக்கடுக்காக உறைந்து நிற்கிற அலை மாதிரி அந்த மலை. கொடிமரத்தடியில் இளைப்பாறிவிட்டு நான் கையிலிருந்த லூமினா, அதாவது ஆளுக்குச் சக்தி ஏற்றுகிற புள்ளிகள், மொத்தத்தையும் குஸ்தாவுக்குக் கொட்டினேன். நல்ல வாள் அவனுக்கு, பலம் கூட்டுகிற பிக்டோஸ் என்ற அணிகளில் நல்லதும் அவனுக்கு. நீ முறுக்கு தின்றுகொண்டே, "மாயெல்லுக்கும் கொஞ்சம் குடேன்" என்றாய். மாயெல் அதே கூட்டத்தில் வருகிற சின்னப் பெண். நான் கேட்கவில்லை. நீயும் மறுபடி சொல்லவில்லை. நான் மேலே ஏறி அந்த விளக்கு பூதத்தை அடித்துச் சாய்த்துவிட்டு, கை வலி தீர விரலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது அந்த நரைத்த தலைக்காரன் வந்து நின்றான். குஸ்தாவ் மாயெல்லுக்கு முன்னால் போய் நின்றான். பட்டன் வரும் வரும் என்று நான் காத்திருந்தேன், சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. வரவேயில்லை. அவனைக் கொன்றுவிட்டார்கள்.

"ஹீரோவைப் போயா கொல்லுவான்? இனி யாரை வெச்சு ஆடுவே?" என்றார் அப்பா. நீ தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாய். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ராத்திரி மொட்டை மாடியில் கேட்டேன், உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. தெரியும் என்றாய், போன வாரமே முடித்துவிட்டேன் என்றாய். ஏன் சொல்லலே? "சொல்லியிருந்தா அவனுக்கு ஒரு வாள்கூட வாங்கிக் குடுத்திருக்க மாட்டே." எவ்வளவு அழகான பதில் என்று நினைத்தேன். இறங்கிப் போய் அதைக் குறித்துக்கூட வைத்தேன், விமர்சனத்தில் போடலாம் என்று.

அன்றைக்கு உன் ஆபீஸ் பையில் அந்தக் கவர் இருந்தது. உனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், இன்னொருவருக்கும் தெரியும், அது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அந்தப் பதிலை அப்பா விஷயத்திலும் நீ எனக்குச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் உன்னிடம் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அது உண்மையாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாததால்தான் டிவி சத்தத்துக்கு அவரோடு சண்டை போட்டேன், காபியில் சர்க்கரையைக் குறைத்தேன், அவரை நோயாளியாக ஒரு நாளும் பார்க்கவில்லை, அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் தெரிந்திருந்தால் அந்த மாதமே லீவு போட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறியிருக்க மாட்டேன். நீ என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டு வந்து விட்டாய், ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாய், தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தாய். எல்லாம் செய்தாய். எப்படி முடிந்தது உன்னால்?

நீ தனியாகச் சுமந்தாய் என்பதை நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் நீ, கையெழுத்துப் போட்டதும் நீ. காரியத்தன்று எல்லார் முன்னாலும் நான் சொன்னது அதிகம்தான். அதற்காக வருத்தப்படுகிறேன். சொன்ன இடமும் சத்தமும் அதிகம், சொன்ன விஷயம் அதிகமில்லை.

கேமுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் இது வேறு எங்கோ போய்விடும். குஸ்தாவ் போன கையோடு வெர்ஸோ என்று ஒருவன் வருகிறான், திரையில் அடுத்த அங்கத்துக்கு அவன் பெயரே தலைப்பு. குஸ்தாவின் வாள்களெல்லாம் அவன் கைக்குப் போய்விடுகின்றன. நீ பாடுபட்டது வீண் போகவில்லை என்று நம்மைச் சமாதானப்படுத்துகிற ஏற்பாடு அது. பலருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா வண்டியில் நீ ஆபீஸ் போவதைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. பெட்ரோல் கணக்கெல்லாம் பேசாதே, நியாயம் எனக்கும் தெரியும்.

ஜெஸ்ட்ரல் கிராமத்தில் பிரஷ் தலையோடு சண்டைக்கு அலைகிற அந்த மரப்பொம்மைகளை மட்டும் அப்பா மறுபடி மறுபடி பார்க்கக் கேட்டார், நினைவிருக்கிறதா? "நம்ம தெரு பசங்க" என்பார். முப்பது பேர் சேர்ந்து செய்த கேம் என்று நீ பெருமை பேசுவாய், கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படித்துப் பார், எத்தனை கம்பெனிக்காரர்கள் என்று. உன்னோடு இதற்கு நேரில் சண்டை போட வேண்டும்.

திதிக்கு வருகிறேன். முதல் நாளே வந்துவிடுவேன், நாலு நாள் இருப்பேன். அப்பாவுக்குத் தெரியுமா, அவரிடமாவது சொன்னாயா என்று கேட்பேன். அண்ணியை வைத்துக்கொண்டு கேட்க மாட்டேன். நீ உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ஏற்ற மாதிரி செதுக்கிச் சொல்லக் கூடாது.

எக்ஸ்பாக்ஸை எடுத்து வை. நான் இங்கே தனியாக ஆடி முடித்துவிட்டேன். கடைசியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறான் இல்லையா, நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று நீ சட்டென்று சொல்லிவிடுவாய். நீ தேர்ந்தெடுத்தது எது என்றுதான் என்னால் ஊகிக்க முடியவில்லை. அதைக் கீழே கமெண்டில் மட்டும் எழுதித் தொலைக்காதே, ஸ்பாய்லர் என்று எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள்.