அட்டைப் பெட்டிப் பானத்துக்குப் பதில் மல்லாட்டைப் பால்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலை இடைவேளைக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் பெட்டிப் பானங்களைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பெட்டி வெறும் அட்டை அன்று. அட்டை, பாலித்தீன், அலுமினியத் தாள் மூன்றையும் ஒட்டிச் செய்தது. அவற்றைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். அதனால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வதில்லை. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காகச் சிலர் சோயாப் பால், பாதாம் பால் பெட்டிகளையும் விலைகொடுத்து வாங்குகிறீர்கள். நம் பக்கம் விளையும் மல்லாட்டை (நிலக்கடலை) இருக்க, அந்தச் செலவு தேவையில்லை. உரித்த மல்லாட்டைப் பயறு கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 ரூபாய்க்கு இரண்டரை டம்ளர் பால் கிடைக்கும்.

வறுக்காத மல்லாட்டைப் பயறு 100 கிராம் எடுத்து முதலில் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எதையும் சேர்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த பயறில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடாது.

இரவு ஊறப்போட்டால் எட்டு மணி நேரம் போதும். வெயில் காலத்தில் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும் என்பதால் ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். தோலோடு அரைத்தால் பால் துவர்க்கும், நிறமும் மங்கும்.

மிக்சியில் முதலில் அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, வெண்ணெய்போல் அரையுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் பயறு சுழன்றுகொண்டே இருக்கும், அரைபடாது. பலருக்குப் பால் நீர்த்துப்போவது இதனால்தான். நைசாக அரைபட்ட பிறகு இன்னும் 400 மில்லி விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். டீ வடிகட்டியில் வடித்தால் தொண்டையில் நறநறக்கும்.

பிறகு காய்ச்ச வேண்டும். அடிகனமான பாத்திரம், சின்னத் தீ, கரண்டி அடியைத் தொட்டபடி கிளறல். இதில் புரதம் மிகுதி. கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். நுரை எழும்பியதும் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்து மேலும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால்தான் பச்சை வாடை போகும். வெல்லம் சேர்ப்பதானால் கரைத்து வடிகட்டி, பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் விடுங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் போதும். ஆறியதும் மேலே ஏடும் கீழே தெளிவுமாகப் பிரிந்தால் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம், குலுக்கினால் சேர்ந்துகொள்ளும். புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். காய்ச்சிய பால் ஃபிரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும்.

சோயாவிலும் இப்படியே எடுக்கலாம். ஆனால் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்தால் பச்சை நெடி வரும். வெந்நீர் விட்டு அரையுங்கள். சரியாகக் காய்ச்சாத சோயா செரிமானத்தைக் கெடுக்கும். தேங்காய்ப் பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. எப்போதாவது குடிக்க நல்லது.

பிழிந்த சக்கையை எறிந்துவிட்டால் பாதிக் காசு போயிற்று. இரண்டு காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து வதக்கி அரைத்தால் அன்றைய இட்லிக்குச் சட்னி. அடை மாவிலும் கலக்கலாம். இல்லையென்றால் ஈரம் போக வறுத்துப் பொடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சக்கை மாலைக்குள் புளித்துவிடும். வடிகட்டிய துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு வெந்நீரில் போடுங்கள். நேராக வெந்நீரில் போட்டால் பால் இழையில் ஒட்டிக்கொண்டு நாறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது மாட்டுப்பாலுக்கு ஈடான உணவு அன்று. 100 மில்லி மாட்டுப்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மல்லாட்டைப் பாலில் அது மிகக் குறைவு. பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதை நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் அடிக்கடி சாப்பாட்டில் இருக்கட்டும். வீட்டிலுள்ள கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.

மல்லாட்டை சாப்பிட்டால் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும் பிள்ளைகள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அப்படி இருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த வகுப்புக்கு யாரும் இந்தப் பாலைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று தனியே அறிவிப்போம். மற்றவர்கள் அகன்ற வாயுள்ள எவர்சில்வர் பாட்டிலில், பால் நன்றாகக் குளிர்ந்தபின் ஊற்றி அனுப்புங்கள். காலை இடைவேளையிலேயே குடித்துவிட வேண்டும். மீந்ததை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளையிடமும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்