அலகைப் பார்த்துக் கத்தி வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மடக்குக்கத்தி வாங்குகிறவர்கள் பிடியின் அழகைப் பார்க்கிறார்கள், நீளத்தைப் பார்க்கிறார்கள், அலகின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. வேலைக்குப் பொருந்தாத அலகுதான் பல நேரம் கையைப் பதம் பார்க்கிறது. இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததால்தான் பேனாக்கத்திக்கு அந்தப் பெயர். எல்லா வேலைக்கும் அது ஈடுகொடுக்காது.

அன்றாட வேலைக்கு நான் முதலில் சொல்வது ஆட்டுக்குளம்பு அலகு. வெட்டும் வாய் நேர்கோடாக இருக்கும், முதுகுதான் முனையை நோக்கி வளைந்து இறங்கும். ஆட்டின் குளம்பைச் சீவ வந்த வடிவம் இது. அலை ஆட்டும் கப்பலில் பாயையோ பக்கத்து ஆளையோ குத்திவிடாது என்று மாலுமிகளும் வைத்துக்கொண்டார்கள். கயிற்றைப் பலகைமேல் வைத்து அழுத்தினால் வாய் முழுவதும் பதிந்து ஒரே அழுத்தில் அறுக்கும். தீட்டும்போதுதான் பலர் இதைக் கெடுக்கிறார்கள். கல்லின் கடைசியில் பிடியைத் தூக்கிவிடுவதால் முனைப்பக்கம் தேய்ந்து வளைகிறது. பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கயிற்றில் நாலு இழை அறுபடாமல் நிற்கும். பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வு போதும். முனை கல்லைவிட்டு இறங்குமுன் கையை நிறுத்திவிட வேண்டும்.

முதுகு முனையருகே குழிந்து மெலிந்த அலகு, முள் எடுக்கவும் தையல் பிரிக்கவும் நல்லது. அதை நெம்புகோலாக்கி டப்பா மூடியைத் திறந்தால் முனை ஒடியும். கால்நடைகளுக்குக் காயடிக்க வந்த மொட்டைமுனை அலகு, தோலுரிக்கும்போது உள்தசையைக் குத்தாது. பருந்தின் மூக்கு போல் உள்வளைந்த அலகு கிளை கழிக்கவும் மின்கம்பியின் மேலுறையைக் கீறவும் உதவும். இழுத்துத்தான் அறுக்க வேண்டும், தட்டையான கல்லில் தீட்டவும் முடியாது. உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தீட்டுங்கள்.

இன்னொன்று. பழைய பாணி மடக்குக்கத்திகளில் பூட்டு கிடையாது. முதுகிலுள்ள வில்தகடு ஒன்றுதான் அலகை நிமிர்த்திப் பிடிக்கிறது. மரத்தில் முனையைக் குத்தித் துளைபோட்டால் அலகு விரல்மேல் மடங்கும். துளைக்கு ஊசியோ துரப்பணமோ இருக்கிறது. உறையில் நீளத்தை அச்சிடும் தயாரிப்பாளர்கள், அலகு எந்த வேலைக்கானது, பூட்டு உண்டா இல்லையா என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

– ஒரு வாசகர்