மண்சுவர் மழை விட்ட பிறகுதான் விழும்

வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டங்களில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வீட்டுச் சேதக் கணக்கெடுப்பு ஒரே தடவையோடு முடியக் கூடாது.

மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாளில் வி.ஏ.ஓ. வரும்போது மண்சுவர் நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மண் ஊறியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும். வெயில் ஏறியதும் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மூலையில் வெடிப்பு விட்டு, ஓட்டின் பாரம் தாங்காமல் சுவர் சரிய ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குள் பட்டியலில் 'பகுதி சேதம்' என்று ஏறிவிடுகிறது.

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். 2022-26 காலத்துப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 15 சதவீதத்துக்குக் குறையாமல் பகுதி சேதமான மண்வீட்டுக்கு 4,000. முழுதாக இடிந்த வீட்டையே 'குடிசை' என்று எழுதிவிட்டால் 8,000தான். மண்சுவர் வைத்த ஓட்டுவீடு குடிசை ஆகாது. இதைக் களப் பணியாளர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

பத்தாம் நாள் மறுஆய்வு கட்டாயம் வேண்டும். நான்கு சுவரையும் உள்ளும் புறமும் படமெடுத்து, எந்த வகையில் சேர்த்தார்கள் என்ற நகலை அன்றே வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். நகல் இல்லாதவர் தாசில்தாரிடம் எதை வைத்து மேல்முறையீடு செய்வார்? பிள்ளைகளோடு நனைய முடியாமல் கீற்றை மாற்றியவர்களை, வீடு நன்றாக இருக்கிறதென்று தள்ளாதீர்கள். அவர்கள் கைபேசியில் எடுத்த படத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

விதியில் 'அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம்' என்று இருப்பதால் புறம்போக்கில் இருப்பவர்கள் முதலிலேயே கழிந்துபோகிறார்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் அட்டை இருந்தால் மாநில நிதியிலிருந்தாவது கொடுங்கள். மாநில அரசின் வீடு கட்டும் திட்டமான கலைஞர் கனவு இல்லத்தின் 3.5 லட்சத்துக்கும் சொந்த மனை வேண்டும் என்பதால், இவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

பணம், ஆதாரைக் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அது பல வருடம் தொடாத கணக்காகவும் இருக்கலாம். எந்த வங்கி என்பதைக் கணக்கெடுக்கும்போதே பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளி திறந்ததும் முகாமைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தார்ப்பாயும் சவுக்குக் கம்பும் மழைக்கு முன்பே ஊராட்சியில் இருப்பு இருக்கட்டும்.

இப்படிக்கு,
விடுபட்ட குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்கள்