செல்விக்கு, ஆபரேஷனுக்கு முன்னால்

குமுளி

அன்புள்ள செல்வி,

அண்ணனுக்குக் கிட்னி மாற்ற லிஸ்டில் பெயர் பதிந்தாயிற்று என்று எழுதியிருந்தாய். வீட்டுச் செய்தியெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படி.

என் தம்பிக்கு அம்மாதான் கொடுக்கிறாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் டிபி, மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்று எல்லாம் பார்த்தார்கள், உடம்பில் புழு இருக்கிறதா என்று மட்டும் கேட்கவே இல்லை. இப்போது பார்க்கிற டாக்டரம்மாதான், சின்ன வயதில் என்ன வேலை, காலில் செருப்பு உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். தம்பி தையல் கடை என்கிறான். நான் குறுக்கே புகுந்து, பதினாலு வயதிலிருந்து ஆறு வருடம் கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேட்டு ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போனவன், வெறுங்கால்தான் என்றேன்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு. வளர்ந்தாலும் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், குட்டியாக ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறுகிறது. மற்ற பூச்சிகள் கொஞ்ச வருடத்தில் தானாகச் செத்துவிடும், இது குடலுக்குள்ளேயே குட்டி விட்டு, அந்தக் குட்டிகள் திரும்ப உடம்புக்குள் புகுந்து, அப்படியே பல வருடம் ஓடுமாம். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட போர்க் கைதிகளில் சிலருக்கு 30, 40 வருடம் கழித்தும் இருந்திருக்கிறது. பெரிதாக ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் கிட்னி வைத்ததும் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்களே, அப்போதுதான் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று ஏறி, குடலின் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்த நிலைக்குப் போனால் பிழைப்பவர்கள் குறைவு. கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது செல்வி.

தம்பிக்கு மல டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை, ஈசினோஃபில் என்கிற ரத்த வெள்ளையணுவும் சரியாகவே இருந்தது. இந்தப் புழுவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிற ரத்த டெஸ்ட்டில்தான் பாசிட்டிவ். அம்மாவுக்கும் பாசிட்டிவ்! கொடுப்பவர் உறுப்போடேயே இது வாங்குபவர் உடம்புக்குள் போய்விடும் என்பதால் அவர்களுக்கும் பார்க்க வேண்டுமாம். ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒன்று இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் என்ற மாத்திரைதான். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில், அறுபது கிலோ இருக்கும் தம்பிக்கு 12 மில்லிகிராம், இரண்டு நாள், பதினைந்து நாள் கழித்து மறுபடி. இவ்வளவு மலிவான மாத்திரைக்கா இத்தனை பெரிய ஆபத்தை விட்டுவைப்பது?

அண்ணனும் சுருளிப்பட்டி வயலில் செருப்பில்லாமல் நின்று வளர்ந்தவர். சென்னையில் முப்பது வருடம் ஆபீஸில் இருந்தவர் என்றுதான் டாக்டருக்குத் தெரியும், வயல் கதையை நீ வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. ஆஸ்துமாவுக்கு என்று அவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் கொடுக்கிறார்களா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடு.

அம்மா வெள்ளிக்கிழமை அடுத்த தவணை போடுகிறாள். ஏலக்காட்டுக்குப் போக ரப்பர் ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொள்கிறாள். உன் பதிலில் அண்ணனுக்கு இந்த ரத்த டெஸ்ட் எடுத்தாயிற்றா என்பதை முதல் வரியில் எழுது.

உன்,
மாரியம்மாள்