தெரு எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அட்லாண்டா பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு, கல்லறை, பக்கத்திலுள்ள காந்தி சிலை எல்லாம் வந்துவிட்டன. அவை இருக்கும் ஆபர்ன் அவென்யூவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சுற்றுலா பஸ்காரர்கள் செய்வதும் இதுதான். கிங் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். படம் எடுத்து முடித்ததும் ஏற்றிக்கொண்டு பறந்துவிடுவார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு வழிகாட்டியுடன் அந்தத் தெருவை மேற்குக் கோடியிலிருந்து நடந்தே பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

1906 செப்டம்பரில் வெள்ளையர் கும்பல் நகர மையத்தில் புகுந்து கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. அதன் பிறகுதான் கறுப்பின வணிகர்கள் இந்தத் தெருவில் திரளத் தொடங்கினார்கள். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலில் முன்னுக்கு வந்த அலோன்சோ ஹெர்ன்டனின் கடையையும் கும்பல் விட்டுவைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அவர் தொடங்கியிருந்த காப்பீட்டு நிறுவனம் பின்னாளில் இதே தெருவில் கம்பீரமாக எழுந்து நின்றது. வங்கி, நாளேடு, இசை அரங்கு, தேவாலயங்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ‘இனிய ஆபர்ன்’ என்று கறுப்பினத் தலைவர் ஜான் வெஸ்லி டாப்ஸ் பெயர் வைத்ததில் வியப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, மேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தின் கறுப்பினக் கிளையான பிரின்ஸ் ஹால் மேசானியரின் கட்டடம். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் 1949 முதல் அங்கே இயங்கியது. கிங் தலைமை வகித்த இயக்கத்தின் அலுவலகம் அதற்குக் கீழே. அவசரமாக மக்களிடம் பேச வேண்டுமென்றால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவாராம். மேலிருந்து ஜன்னல் வழியாக மைக்கை இறக்குவார்களாம். வழிகாட்டி இதைக் கையை உயர்த்தித் தட்டிக் காட்டியே சொன்னார்.

கிங்கை வானத்திலிருந்து குதித்தவர்போல எழுதுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. போதகர்களாக இருந்த அவருடைய தந்தைக்கும் தாய்வழிப் பாட்டனாருக்கும் சம்பளம் கொடுத்தது அங்குள்ள எபினேசர் தேவாலயச் சபை; அந்தத் தெருவின் மக்கள். வெள்ளை முதலாளி வேலையைப் பறித்துவிடுவான் என்று அஞ்ச வேண்டாத ஒரு கூட்டம் இருந்ததால்தான் துணிந்து பேச முடிந்தது.

அந்தத் தெருவை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது நெடுஞ்சாலை. வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளி அதைத் தெருவுக்கு மேலே பாலமாகக் கட்டினார்கள். பாலத்தடியில் வழிகாட்டி சொன்னது லாரி இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. சட்டப்படியான இனப்பிரிவினை ஒழிந்தபின் வாடிக்கையாளர்கள் வேறு கடைகளுக்குப் போனதும் சரிவுக்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தெருவை இரண்டாகப் பிளந்துவிட்டுப் பிறகு பாரம்பரியச் சின்னம் என்று பலகை நடுவது என்ன நியாயமோ!

பஸ்ஸிலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் ஒரு நொடி நிழல், அவ்வளவுதான். ஆகவே, அட்லாண்டா போகும் வாசகர்களை பீச்ட்ரீ வீதிப் பக்கமிருந்து கிழக்கே நடக்கச் சொல்லுங்கள். ஒரு மைல் அளவுதான். கிங் பிறந்த வீடு தானாகவே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.